சாக்குக்குள் மாங்காய்

மே 20, புதன்
காலையிலேயே வெக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் விடைத்தாள் திருத்தல் தொடக்கம். பஸ்ஸில் நின்றுகொண்டே.

நேற்று முளைப்பாரி போட்டாயிற்று. பின்னறை இருட்டில் இரண்டு சட்டி. ஒன்று அத்தையுடையது. இன்னொன்று கொழுந்தன் மனைவி செல்வியுடையது, முதல் பாரி. போன கரு தங்கவில்லை. இப்போது மூன்றாம் மாதம், அதற்கான நேர்த்திக்கடன்.

சேத்தூரிலிருந்து அண்ணன் சப்பட்டை மாங்காய் அனுப்பியிருந்தான். பிள்ளைகள் உப்புத் தொட்டே காலி செய்துவிடும். செல்வி சட்டிக்குப் பின்னால் வைக்கோலில் புதைத்து, அந்தச் சட்டியை மூடியிருந்த சாக்காலேயே சேர்த்து மூடிவிட்டேன். விரதம் இல்லாத நான் அந்த அறைக்குள் போகக் கூடாது. யார் பார்த்தார்கள்?

மே 23, சனி
தாவரவியல் தாளில் ஒரு பிள்ளை அழகாக எழுதியிருக்கிறது. காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை நாற்றும் தானே செய்துகொள்ளும். ஒரு நொதி மூலப்பொருளைச் செய்ய, இன்னொன்று அதை வாயுவாக்கும். முதல் நொதிதான் கடிவாளம். வாயு மிஞ்சினால், இருட்டில் முளைக்கும் நாற்று குட்டையாகும், தடிக்கும், தலை கொக்கியாய் வளையும். முழு மதிப்பெண்.

வீட்டுக்கு வந்தால் அத்தை முகம் சரியில்லை. "எம் பாரி நிமிந்து நிக்கு. இவ பாரி குட்டையா மடங்கிக் கெடக்கு. எம்புட்டு வருசமா போடுதோம், இப்பிடிப் பாத்ததில்ல."

செல்வி அழுதாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலயேக்கா."

எனக்குத் தெரிந்தது. மாங்காய் பழுக்கையில் அந்தக் கடிவாளம் அறுந்துவிடும். நொதி வாயுவைக் கூட்டும், வாயு நொதியைக் கூட்டும். அத்தனையும் அந்தச் சாக்குக்குள்.

 அத்தை கடைக்குப் போன நேரம் மாங்காயை மட்டும் எடுத்துவிட்டேன். படித்த கழுதை.

மே 25, திங்கள்
கேஸ் புக் செய்ய வேண்டும். சிவப்பு மை தீர்ந்தது.

அடுத்த வீட்டம்மா வாசலில்: "பாரியே காட்டிக் குடுத்துட்டு. வயித்துல உள்ளத நெனச்சாத்தான் பயமா இருக்கு." செல்வி காதிலும் விழுந்திருக்கும்.

மாம்பழம் நல்ல இனிப்பு. செல்விதான் நறுக்கிக் கொண்டுவந்தாள். அவள் தின்னவில்லை. நான் தின்றேன்.

மே 27, புதன்
பாரி எடுத்தார்கள். செல்வி சட்டியைச் சுற்றிப் பூ வைத்து மறைத்துச் சுமந்தாள். கண்மாயில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது சொல்லிவிட்டேன். மாங்காய், சாக்கு, மறைத்தது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையேக்கா?"

"ஒண்ணும் இல்லட்டி."

வயிற்றில் கை வைத்து நின்றாள். பிறகு, "சனிக்கெழமையே சொல்லியிருக்கலாம்லக்கா. அன்னையிலருந்து நான் தூங்கல."

வெறும் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.