மீன் ஐஸ்

காலையில் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று அடித்தது. ஊரில் மறுபடியும் வாந்திபேதி. தண்ணீரைக் காய்ச்சிக் குடிங்க, சூடாகச் சாப்பிடுங்க என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் நீ. நீ மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாயிற்று. அந்தத் தொண்டை இன்னும் என் காதில் நிற்கிறது.

என் மகள் கல்யாணமும் இப்படி ஒரு பேதிக் காலத்தில்தான் வந்தது. அடுத்த வீட்டுக்காரி, கூட்டாளி, சுகாதார நிலையத்து நர்ஸ் என்று மூன்று உரிமையிலும் என்னைப் பாடாய்ப் படுத்தினாய். "வெட்டி வச்ச பழம் வேணாம். சோத்த ஆவி பறக்கப் போடு. மிச்சத்தத் தூக்குவாளியில குடுத்து மறுநா திங்க விடாத." எரிச்சலோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முந்தின நாளே இரண்டு அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நிக்காஹ் அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. காய்ச்சிய தண்ணீரில் கலந்த நன்னாரி சர்பத் வெதுவெதுவென்று இருக்க, சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். எனக்கு மானம் போனது. கடற்கரையில் மீனுக்குப் போடுகிற ஐஸ் பார் இரண்டை வாங்கிவரச் சொல்லி, உடைத்து அண்டாவில் போட்டேன். முதல் டம்ளரை மணப்பெண்ணுக்குத்தான் கொடுத்தேன். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

நீ பார்த்துவிட்டாய். "அடி பாவி, தண்ணியக் காய்ச்சிப்புட்டு, காய்ச்சாத தண்ணியக் கட்டியா அள்ளிப் போட்டிருக்கியே! உறைஞ்சா கிருமி செத்துருமா?" அத்தனை பேர் முன்னால் அண்டாவைக் கவிழ்த்தாய். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா இந்த நாளோட அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

உன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நீ கேட்டது ஒன்றுதான்: "யாரு யாரு குடிச்சாக, அத மட்டும் சொல்லு." கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் பெயர்களை எழுதிக்கொண்டு, சாப்பிடாமல் போனாய்.

மறுநாள் மத்தியானம் என் மகளுக்குப் பேதி கண்டது. கூப்பிடாமலே உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோடு வந்து நின்றாய். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கி, "மடக்கு மடக்குன்னு ஊத்தாத, கொஞ்சங்கொஞ்சமா" என்று நீயே ஊட்டினாய். துணி மாற்றினாய், கழுவிவிட்டாய், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாய். அவள் கண் குழிவிழுந்து, ஒன்றுக்குப் போவது நின்றதும், "இனி வீட்டுல வச்சிருந்தா புள்ள தங்காது, வண்டியக் கூப்பிடு" என்று மடியில் கிடத்தி இராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். டிரிப்ஸ் ஏறி, அவள் என்னை "உம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயெடுத்தேன். "போ புள்ள, சோலியப் பாரு" என்று விரட்டினாய். கல்யாணத்தன்று நான் சொன்ன அந்தச் சொல்லை நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன் நல்ல குணத்துக்குப் பின்னால் இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டேன்.

இன்று மகள் தன் பிள்ளைக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டே, "உம்மா, அடுத்த வீட்டு மாமி ஏன் என் கல்யாணத்துல சாப்பிடாமப் போனாக?" என்றாள். அன்று உன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டேன்.

அடுப்பை அணைத்தாள். பிறகு, "அதக் கேட்ட பொறவுமா உம்மா, மாமி மறுநா வந்து எனக்குக் கழுவி விட்டாக?" என்றாள்.