கண்ணாடியை இறக்காத லாரி

அன்புள்ள ஒரேஸ்தே,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், வலது முழங்காலைத் தவிர. அதை நலம் விசாரித்தால் அது உன்னைத்தான் திட்டும், நீ இயக்கிய ஓபராவைப் பார்க்க அரங்கத்தின் மேல்மாடி வரைக்கும் ஏறியது அதுதானே. அங்கே உனக்கு உடம்பு எப்படி, அந்த ஊர் மழையில் கழுத்துத் துணி இல்லாமல் திரியாதே. முதலில் அன்றைக்கு மேல்மாடியில் யார் யார் இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன், நான் அங்கே இல்லவே இல்லை என்று பிறகு ஒருவரும் தப்பிக்கக் கூடாது. முடி வெட்டும் அத்திலியோ, மடியில் துண்டில் சுற்றிய சலாமி இறைச்சியோடு. உன் அப்பாவின் தங்கை இயோலே அத்தை, அதே கறுப்புத் தொப்பி, பின்வரிசைக்காரருக்கு மேடை தெரியக் கூடாதென்றே போட்டுக்கொள்வது. பாதிரியார் பிரிமோ, யாராவது துணியில்லாமல் வந்தால் கண்ணை மூடிக்கொள்வதற்காக முன்வரிசையில். உன் அக்கா மகள் மிரெல்லா. நான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் நீ செய்தது எதுவும் எனக்கு மறக்காது. தேவாலயக் கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டு சூசையப்பரை டிராக்டரில் கொண்டுவந்தாய், பாதிரியார் இன்னமும் அந்தப் புகையை நினைத்து இருமுகிறார். அப்புறம் துரினில் ஒரு நாடகம், அதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இயோலே தூங்கி எழுந்து "எடவேளையா?" என்றாள், முடிந்தே போயிருந்தது. அப்புறம் ஹாம்பர்க், அங்கே ராஜாக்களை உள்ளாடையோடு நிறுத்தினாய், பத்திரிகைக்காரர்கள் ஆகா என்றார்கள், துணிச் செலவு மிச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் படம், பரிசு வாங்கியது. கதாநாயகன் மழையில் காருக்குள் உட்கார்ந்து பேசுவான், கண்ணாடி மூடியிருக்கும், மைக் உள்ளே இருப்பதால் அவன் மூச்சு விடுவதுகூட நமக்குக் கேட்கும். உனக்குச் சனி பிடித்தது அங்கேதான் மகனே.

ஓபராவில் மைக் ஏது? தொண்டைதான். நம் ஊரில் பன்றி அறுப்பவன்கூட முணுமுணுக்கிற பாட்டு ஒன்று அந்த ஓபராவில் உண்டு, அந்தப் பாட்டுக்கு நீ திரையைத் தூக்கியதும் நிற்கிறது ஒரு பச்சை லாரியின் முன்பாதி. உள்ளே கதாநாயகன், கண்ணாடி ஏற்றியிருக்கிறது, துடைப்பான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறது, அவன் வாய் திறந்து மூடுகிறது, நமக்குக் கேட்பது துடைப்பானின் கிறீச் மட்டும். மேல்மாடி கொஞ்ச நேரம் பொறுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் அத்திலியோ எழுந்து "டேய், கண்ணாடிய எறக்குடா!" என்று ஒரு சத்தம் போட்டான் பார், உடனே மாடி முழுக்க அதே சத்தம், "எறக்கு! எறக்கு!" பாதிரியாரும் கத்தினார், பார்த்தேன். பாவம் அந்தப் பாடகன், பாட்டை விடாமலே கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, தக்காளி ஏற்றிப் போகிற டிரைவர் மாதிரி மிச்சத்தைப் பாடி முடித்தான். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். மறுபடியும் பாடு என்றார்கள், மறுபடியும் பாடினான்.

கடைசித் திரை விழுந்தது. எல்லாரும் வந்து வணங்கினார்கள். முதல் நாளில் இயக்கியவனும் வந்து நின்று, கிடைப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டும், இது உனக்குத் தெரியாததா? அத்திலியோ உதட்டை நனைத்து இரண்டு விரலையும் வாயில் வைத்துக்கொண்டு, லாரிக்காக உன்னை விசிலடித்துத் திட்டக் காத்திருந்தான். மேடையில் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள். நீ வரவில்லை. டாக்சி பிடித்து விமான நிலையம் போயாயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. இயோலே மட்டும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கைதட்டி, "பாவம், அப்பன் இல்லாத புள்ள, விட்ருங்க" என்றாள், தொடையில் கிள்ளிவிட்டேன். மறுநாள் கடை வாசலில் அத்திலியோ என்னை நிறுத்தி, "தெஸோலினா, லாரியக்கூட மன்னிச்சிருவேன். வந்து நின்னிருக்க வேணாமா? ஆளில்லாத எடத்தப் பாத்து விசிலடிக்க நாங்க என்ன போக்கிரிப் பயலுகளா?" என்றான். விசில் அப்படியே வாயில் தங்கி அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். இப்போது வசந்தத்தில் அதே ஓபராவை மறுபடியும் போடப்போகிறார்கள், நீ வரவேண்டும் என்று கேட்டார்கள், நீ மிரெல்லாவிடம் போனில் இனி படம் மட்டும்தான், அந்த ஊர் மேடையில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னாயாம்.

அது யாருடைய லாரி என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? பக்கக் கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துணிகூட விடவில்லை நீ. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், அந்த மனிதர், உன் அப்பா, எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்வார், வாய் மட்டும் அசையும், போய்விடுவார். வெள்ளிக்கிழமை வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் "யாருக்கு ஞாபகம்? சூப் இருக்கா?" என்பார். கடைசித் திங்கட்கிழமை ஒரே மூடுபனி, அன்றைக்கு நீளமாக ஏதோ சொன்னார், சொல்லி முடித்துச் சிரித்தார்கூட. வெள்ளிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். புதன்கிழமை பெட்டியில் வந்தார். ஆகவே அன்றைக்கு மேல்மாடியில் நானும் எழுந்து நின்று "எறக்கு!" என்று கத்தினேன், அத்திலியோவைவிடப் பலமாக, மிரெல்லாவைக் கேட்டுப்பார். உன்னை நோக்கி இல்லை. கண்ணாடி இறங்கியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இயோலே "என்ன, சலாமி காரமா?" என்றாள்.

அதனால் வசந்தத்தில் வா. கண்ணாடியை ஏற்றியே வை, அது உன் விருப்பம், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாடகனே இறக்கட்டும். முடிந்ததும் வெளியே வந்து நில். விசிலுக்கு யாரும் செத்ததில்லை. வீட்டில் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனது போதும். மாதா உன்னைக் காப்பாற்றட்டும், வேளைக்குச் சாப்பிடு, கழுத்துத் துணியை மறக்காதே. வரும்போது அத்திலியோவுக்கு ஒரு பாட்டில், நல்லதாக.

உன் அம்மா,
தெஸோலினா

அத்திலியோவை மன்னித்துவிட்டேன். இயோலேயை ஈஸ்டர் கழித்து மன்னிப்பேன். உன்னை, நீ மேடைக்கு வந்து நிற்கிற அந்த நிமிடமே. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றச் சோம்பல்பட்ட உன் அப்பா நெல்லோவை மட்டும் மாட்டேன்.