அண்ணிக்குக் கேட்ட சத்தம்

ஆடி, திங்கள்

மழை. நேற்றும் மழை, முந்தாநாளும் மழை. துணி எதுவும் காயவில்லை. அண்ணனின் லுங்கி அடுப்புக்கு மேலே தொங்குகிறது. சாம்பாரில் விழாமல் இருந்தால் சரி.

ஹோம்ஸ்டேயில் ஆள் இல்லை. ரிசப்ஷனில் நான், பூனை, வைஃபை. ஆரஞ்சு அலர்ட் போட்டால் சாந்தன்பாறைக்கு எவன் வருவான். முதலாளி கேட்டால் ‘என்கொயரி வருது சார்’ என்று சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் போனில் மூன்று மாங்கா, அதாவது ஜப்பான் படக்கதை, படித்து முடித்தேன். மூன்றிலும் ஒரே பெண், வேறு வேறு தலைமுடி:

– மலையைப் பொடியாக்குகிற மந்திரக்காரி. சத்திரத்தில் இன்னொரு தட்டு சோறு கேட்கக் கூச்சம்.
– டிராகனை ஒரே வெட்டில் சாய்க்கிற வாள்காரி. ‘அதுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை போல’ என்கிறாள்.
– செத்தவனை எழுப்புகிற வைத்தியக்காரி. எழுந்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், லேட்டாகிவிட்டதாம்.

எரிச்சலாக வருகிறது. கீழே வைக்கவும் முடியவில்லை. எனக்கு இதில் கால்வாசித் திறமை இருந்திருந்தால் ஊரையே விற்றிருப்பேன்.

எல்லாக் கதையிலும் ஒரு தோழி வருவாள். தோளைப் பிடித்து, ‘உன்னால் முடியும், நான் நம்புகிறேன்’ என்பாள். அடுத்த இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம். தலைமுடி பறக்கும். எதிரி காலி. ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, வெட்கக்கேடு.

நம் வீட்டிலும் அந்தக் கூச்சக்காரி மாதிரி ஒன்று இருக்கிறது. அண்ணி.

செவ்வாய்

அண்ணன் காலில் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரத்துக்கு. ஏலச் செடிக்குள் வழுக்கி விழுந்தவர், கட்டிலில் ராஜாவாட்டம். அதனால் ஜீப் அண்ணி கையில். காலையில் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற பெண்களை மேல் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்க ஏற்றிப் போக வேண்டும், சாயந்திரம் கொண்டுவந்து விட வேண்டும்.

அண்ணி கொழிஞ்சாம்பாறைக்காரி. அப்பாவின் டிராக்டரில் வயலில் பழகிய கை. அந்தச் சமவெளியிலிருந்து வந்தவள் இந்த மலை ரோட்டில் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். ரோடு என்பதே மரியாதைக்குச் சொல்வது, பாதி பாறை, பாதி சேறு. அண்ணன் ஓட்டினால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி பெயர் சொல்வார்கள். அண்ணி ஓட்டினால் தூங்குகிறார்கள். ராசம்மா அக்கா குறட்டையே விடுகிறாள்.

இதைச் சொன்னேன். “அட போ கண்ணு, எனக்கென்ன அவ்வளவா வருது? நல்ல வண்டி, அது பாட்டுக்குப் போகுது.”

டிராகனுக்கு உடம்பு சரியில்லை!

இவள் எல்லாவற்றிலும் இப்படித்தான். ரசம் நன்றாக இருக்கிறது என்றால் புளி நல்ல புளி என்பாள். கடையில் மிச்சச் சில்லறை கேட்க என்னை அனுப்புவாள். ‘ஊடு’ என்று சொன்னதற்கு அண்ணன் ஒருதரம் சிரித்துவிட்டார், அதிலிருந்து எங்கள் முன்னால் யோசித்து யோசித்து ‘வீடு’.

சாயந்திரம் அதே நல்ல வண்டியைப் பற்றிப் புகார். இடது முன்சக்கரத்தில் ஏதோ சத்தமாம். பாரம் இருக்கும்போது, இடது பக்கம் திரும்பினால் மட்டும், ‘டொக்’ என்று ஒன்றே ஒன்று. பின்னால் உர மூட்டை இருந்தது, என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினாள். எனக்கு மழையும் வைப்பரும்தான் கேட்டன.

“கேக்கலையா கண்ணு?”

“இல்லையே அண்ணி.”

“அப்ப எனக்குத்தான் அப்படித் தோணுதாட்டம் இருக்குது.”

புதன்

காலையில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. முட்டை, தீப்பெட்டி, அண்ணனுக்கு வலி மாத்திரை வாங்கினேன். பால் மறந்துவிட்டது.

பூப்பாறை ஒர்க்ஷாப்புக்கு அண்ணியோடு நானும் போனேன். மெக்கானிக் ஜாக்கி போட்டு, சக்கரத்தை இரண்டு ஆட்டு ஆட்டினார்.

“ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி. பழைய வண்டின்னா பேசத்தான் செய்யும்.”

அண்ணி நகரவில்லை. “இல்லீங்ணா, பாரம் இருந்தாத்தானுங்க கேக்குது.”

“அப்போ பன்னெண்டு பேரை உக்கார வச்சு ஜாக்கி போடணுமா?”

அவர் சிரித்தார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணி முகம் சிவந்து போய், “செரீங்ணா, எனக்குத்தான் தெரியல போல” என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டாள். எனக்கு ஆத்திரம். அவர் மீதா, இவள் மீதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்து சண்டை போட்டால்தான் என்ன?

 திரும்பும் வழியில் ஒவ்வொரு இடது வளைவிலும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

சாயந்திரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போனைக் கொடுத்து, மந்திரக்காரியின் பாலம் வருகிற பகுதியைப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தொங்கு பாலத்தின் முன்னால் நிற்கிறாள். ‘ஏதோ சரியில்லை, என்னால் முடியாது’ என்று அழுகிறாள். தோழி தோளைப் பிடிக்கிறாள். இவள் ஓடுகிறாள், பாலம் பின்னால் இடிந்து விழுகிறது, இவள் பறக்கிறாள். இரண்டு பக்கத்துக்குப் படம்.

அண்ணி விரலால் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள்.

“பாலந்தான் உழுந்துருச்சில்ல? அப்ப அந்தப் புள்ள சொன்னது நெசந்தானே?”

“அதான் பறந்துட்டாளே அண்ணி.”

“பறக்கத் தெரியாதவளா இருந்தா?”

கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியவில்லை உங்களுக்கு என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பீன்ஸில் ஒரு பூச்சி இருந்தது.

வியாழன்

ரெட் அலர்ட். ஸ்கூலுக்கு அவதி, மலையாளத்தில் லீவு. தோட்டத்துக்கு அவதி இல்லை.

தோட்டத்து சூப்பர்வைசர் போன். பழுத்த காய் மழையில் வெடிக்கிறதாம். அலர்ட்டைச் சாக்குச் சொல்லி நாளை வண்டி வராவிட்டால் வேறு ஜீப் பேசிவிடுவாராம், அப்புறம் நாங்கள் வரவே வேண்டாமாம். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

அண்ணி அண்ணனிடம், “ஏனுங்க, நாளைக்கு மட்டும் வேண்டாமுங்க. மனசு ஒப்பலீங்க. மேல சேறு எறங்கிக் கெடக்குது, வண்டியும் சத்தம் போடுது” என்றாள்.

“மெக்கானிக்கே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான். ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். இந்தக் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா நானே போயிருவேன்.”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன், இரண்டு கையாலும்.

“அண்ணி, இந்த ரோட்டுல ஒங்கள விட்டா ஆளே கெடையாது. ஒங்களால முடியும். நான் நம்புறேன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லையாம். “நெசமாவா கண்ணு?” என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் போய் டார்ச்சுக்கு பேட்டரி மாற்றினாள்.

எனக்கு ஒரே பெருமை. இதை எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

வெள்ளி, காலை

மூடுபனி. முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. மழை மட்டும் விட்டிருக்கிறது.

ஹோம்ஸ்டே வரை நானும் ஜீப்பில் வந்தேன். பின்னால் பெண்கள் பன்னிரண்டு பேர், ராசம்மா அக்கா அதற்குள் தூக்கம். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பொட்டு கொஞ்சம் பெரிசாக வைத்திருந்தாள். டீக்கடை தாண்டி இடது வளைவு.

டொக்.

கேட்டது. சின்னதாக, கதவை யாரோ ஒரு விரலால் தட்டுகிற மாதிரி. என் காலுக்கு அடியில்.

அண்ணி ரோட்டைப் பார்த்தபடியே, “இப்பக் கேட்டுச்சா?” என்றாள்.

“என்னது?” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டது என்று சொன்னால் இருந்த தைரியமும் போய்விடும், நேற்று சொன்னதெல்லாம் வீணாகிவிடும் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “செரி, எனக்குத்தான்” என்றாள். என்னை இறக்கிவிட்டுக் கையசைத்தாள். பின் விளக்கு பனிக்குள் போனது.

வெள்ளி, மத்தியானம்

மழை மறுபடி. பூனையைக் காணோம்.

போன் போட்டேன். மேலே டவர் கிடையாது, தெரியும். மறுபடி போட்டேன். மெசேஜ் அனுப்பினேன்: ‘அண்ணி எனக்கும் கேட்டுச்சு. வண்டிய அங்கயே விட்டுட்டு நடந்து வாங்க.’ ஒற்றை டிக்.

மாங்கா திறந்தேன். வாள்காரி அழுதுகொண்டிருக்கிறாள், தோழி தோளைப் பிடிக்கப் போகிறாள். மூடிவிட்டேன். இத்தனை கதை படித்தேனே, அந்தப் பெண் எதைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? அண்ணிக்குச் சில்லறை கேட்கத்தான் வராது. வண்டி அவளுக்குத் தெரியும்.

இன்னும் ஒற்றை டிக்.

வெள்ளி, 6 மணி

பெண்கள் நடந்து வந்துவிட்டார்கள், பன்னிரண்டு பேரும். தோட்டத்துக் குறுக்குப் பாதையில், முட்டிவரை சேறு. அண்ணி இல்லை.

ராசம்மா அக்கா வாசலில் நின்று சொன்னாள், உள்ளே வரவில்லை. “திரும்பி வாறப்ப பெரிய வளைவுக்கு மேலயே நிப்பாட்டிருச்சு. எல்லாரும் எறங்கி நடங்க, ஒரு ஆளும் வண்டில இருக்கக் கூடாதுன்னு ஒரே பிடியா நின்னுச்சு. நாங்க வையுறோம், இந்த மழையில நடக்கச் சொல்றியேன்னு. நீயும் வா, வண்டி கெடக்கட்டும்னேன். கேக்கல வாணி. ‘இல்லீங்க்கா, வாணி சொல்லிருக்குது, என்னால முடியும்னு. மெதுவாக் கொண்டாந்துர்றேன்’னுச்சு.”

கீழே பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் வெகு நேரம் நின்றார்களாம். வண்டி வரவில்லை.

அண்ணன் மாவுக்கட்டுக் காலோடு எழுந்து நின்று சத்தம் போடுகிறார். லயத்து ஆட்கள் டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். நானும் கிளம்பினேன், விடவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஜீப் சத்தம். கீழேயா மேலேயா தெரியவில்லை. மேலேதான், இறங்கி வருகிறது. அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டார். எங்கள் வாசலுக்கு வர, முன்னால் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்பியாக வேண்டும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், பாரத்தோடு வருகிற சத்தம்.

திரும்பிவிட்டது. டொக் இல்லை.

நம் வண்டி இல்லை.