சைட்டில் ஊற்றிக் கொடுக்கும் மோர்

ஏப்ரல் 6, ஞாயிறு

மனை விற்கும் வேலையில் முதல் நாள். வாரத்தில் ஆறு நாள் ஷூ கம்பெனியில் செக்கிங், ஞாயிறு மட்டும் இது. சைட் பார்த்துக்கொள்ளும் ராஜேஷ் என்னை ஏன் தேடி வந்து சேர்த்தான்? "கம்பெனி பொம்பளைங்க நீங்க சொன்னா நம்புவாங்கக்கா" என்றான், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கண். ஒரு தையல் தப்பினாலும் ஷூவைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இவன் மனையை மட்டும் சும்மா விடுவேனா?

வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை. ஷெட்டில் இருக்கும் கெங்கம்மாள் கரைத்து வைக்கிறார். நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 8

பட்டா, பத்திரம், அப்ரூவல் எல்லாவற்றின் நகலையும் தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். எல்லாம் சரியாம். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லைக் கல்லை ஒவ்வொன்றாக மிதித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ராஜேஷ் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவருகிறான். ஒரு மடக்கு குடிக்கிறான், உடனே பைக்குள் வைத்துவிடுகிறான். பகலிலேயே சரக்கா?

ஆம்பூர் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணி எப்படி?" தோல் பதனிடும் டேனரிக் கழிவு இறங்கி எத்தனையோ கிணறு கெட்டதைப் பார்த்தவர்கள், கேட்காமல் இருப்பார்களா? "நம்ம போர் தண்ணியிலதான் மோரே கரைக்கிறோம், குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்பான் ராஜேஷ். குடித்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள்.

ஏப்ரல் 16

கம்பெனியில் என் பக்கத்து டேபிள் மெர்சி ஒரு மனை கேட்டாள். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு. தண்ணீருக்காக வீட்டுக்கார அம்மாவோடு தினமும் சண்டை. "நீ பாத்துட்டேன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கோயில் முடிந்து புதுப் புடவையோடு மெர்சி சைட்டுக்கே வந்துவிட்டாள். நான் ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்தாள். சமையல்கட்டு இங்கே வரும் என்று காலால் மண்ணில் கோடு போட்டாள். மே நாலாம் தேதி அட்வான்ஸ் கொடுக்கிறாளாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கெங்கம்மாளுக்குக் காய்ச்சல். மோரை நானே கரைத்தேன். தயிர், போர் தண்ணீர், மல்லி, பச்சை மிளகாய், ஒரு கை உப்பு. முதல் டம்ளர் வாங்கியவர் அப்படியே துப்பினார். "இன்னாம்மா, உப்பு இவ்ளோ ஜாஸ்தி!"

ஒரு கை உப்புக்கு இப்படியா கரிக்கும்? குழாயைத் திறந்து வெறும் தண்ணீரை வாயில் வைத்தேன்.

ஐயோ.

தண்ணீரே இப்படிக் கரிக்கிறது என்றால், கெங்கம்மாள் மோருக்கு உப்பே போட்டதில்லை. ராஜேஷ் பாட்டிலில் இருந்ததும் தண்ணீர்தான், அவன் வீட்டுத் தண்ணீர். கேட்டால், "லாரித் தண்ணி வாங்கிப்பாங்கக்கா, விடுங்க" என்கிறான்.

பட்டாவைப் பாத்தேன், கல்லைப் பாத்தேன், அவன் பாட்டிலக்கூடப் பாத்தேன்— என் கையில இருந்த டம்ளரப் பாக்கல. இன்னா செக்கிங் பண்ணிக் கிழிச்சேன்?

ஏப்ரல் 28

அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் மெர்சியிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"சத்தியமா தெரியாது."

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிப்ப. இது மட்டும் தெரியாமப் போச்சா?"

அவள் பணம் தப்பித்தது. ஆனால் அவள் என்னை நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

மே 4, ஞாயிறு

சைட்டுக்குப் போகவில்லை. நான் மோர் ஊற்றிக் கொடுத்தவர்களில் நம்பர் வைத்திருந்த எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். ராஜேஷ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை.

மே 7

மதியம் மெர்சி தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டு மோரை அவளுக்கும் ஊற்றினேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு மடக்கு குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே போட்டுக்கொள்ளட்டும்.