பத்து நாள் வித்தியாசம்

1649 நவம்பர் 14
(கத்தோலிக்கருக்கு இன்று 24. போப் திருத்திய நாட்காட்டியை லூத்தரன்களான நாங்கள் தொடுவதில்லை. "தேதி தப்பினாலும் தப்பட்டும், ரோமாபுரிக்குத் தலையாட்ட மாட்டோம்" என்பான் அண்ணன் மெல்கியோர்.)
என் ரொட்டிக்கடையில் கறுப்பு ரொட்டி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பீப்பாய் செய்யும் ஆம்புரோஸ் வழக்கம்போல இரண்டு வாங்கினார். மனைவி இறந்து தனியாக இருக்கிற மனிதருக்கு எதற்கு இரண்டு?

நவம்பர் 18, ஞாயிறு
கோயிலில் இன்றும் ரகளை. ஊருக்கு இருப்பது ஒரே கோயில். எட்டிலிருந்து பத்துவரை எங்கள் ஆராதனை, பத்து அடித்தால் அவர்கள் பூசை. எங்கள் போதகருக்குப் பிரசங்கத்தை முடிக்கத் தெரியாது. பத்தேகாலுக்கு அவர்கள் மணியை அடித்துத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் மேலே ஏறிப் போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்க, அந்தப் பக்கம் இரண்டு பேர் இழுக்க... ஐம்பது வயதில் இது தேவையா!

நவம்பர் 30
கேட்டுவிட்டேன். "ரெண்டாவது ரொட்டியை என்ன பண்றீங்க?"
ஆம்புரோஸ் தலையைச் சொறிந்தார். "கோழிக்குப் போடறேங்க. ஒண்ணு மட்டும் வாங்கினா சட்டுனு கொடுத்து அனுப்பிடறீங்க. ரெண்டுன்னா கொஞ்சம் நேரமாகுது."
எனக்கு நாற்பத்தொரு வயது. கணவரைக் கொள்ளைநோய் கொண்டுபோய் ஏழு வருடம். இப்படி முகம் சிவக்கலாமா?

டிசம்பர் 3
ஆம்புரோஸ் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதை அண்ணனிடம் சொன்னேன்.
"ஊர்ல வேற ஆம்பளையே இல்லையா சபீனா? ஜெபமாலை உருட்டறவன்தான் கெடைச்சானா?"
"இருந்தாங்க. அவங்க யாரும் என்னைச் சிரிக்க வைக்கலையே."
"அவனைக் கட்டிக்கிட்டா உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."
சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்பா போனபிறகு என்னை வளர்த்தவன் அவன். ராத்திரி முழுக்க அழுகை. ஆனாலும், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையே.

டிசம்பர் 15
அவருக்குக் கிறிஸ்து பிறப்பு. எனக்கு வெறும் சனிக்கிழமை. இருந்தாலும் இஞ்சி ரொட்டி சுட்டு அனுப்பினேன்.

1650 ஜனவரி 8
போதகர், "அவர் நம்ம பக்கம் வரட்டும்" என்றார். பங்குச் சாமியார், "அந்தம்மா இந்தப் பக்கம் வரட்டும்" என்றார். "அப்ப நடுத்தெருவுலதான் கட்டிக்கணும்போல" என்றார் ஆம்புரோஸ். அவரவர் பக்கத்திலேயே இருப்பது என்று முடிவுசெய்துவிட்டோம்.
நகரசபைக்குப் போய் ஒப்பந்தம் எழுதினோம். ஆண் பிள்ளைகள் அப்பா வழி, பெண் பிள்ளைகள் அம்மா வழி. எழுத்தர் என் தலைநரையைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார்.
"எழுதுங்கய்யா. கடவுள் பெரியவர்" என்றார் ஆம்புரோஸ். எழுத்தரே சிரித்துவிட்டார்.
அதைக் காட்டியதும் போதகர் இறங்கிவந்து, கல்யாணத்தை நடத்திவைக்க ஒத்துக்கொண்டார். சாமியார் மட்டும், "கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியாது. நான் எதையும் பார்க்கலை" என்றார்.

ஜனவரி 29, செவ்வாய்
கல்யாணம் ஆகிவிட்டது!
எட்டு மணிக்கே போய்விட்டோம். அண்ணன் உட்காரும் பெஞ்சு காலி. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதகர் ஆதாமில் ஆரம்பித்தார். ஒன்பதரைக்குத்தான் நோவாவின் பேழைக்கு வந்து சேர்ந்தார். "உங்க ஆளுங்க வாராவாரம் இதைத் தாங்கறாங்களா?" என்று ஆம்புரோஸ் காதில் கேட்க, எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.
பத்து அடித்தது. இன்னும் மோதிரம் மாற்றவில்லை. வெளியே பூசைக்கு வந்த கூட்டம் சளசளவென்றது. இதோ மணியடித்துக் கலைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.
அப்போது வாசலில் ஒரு கத்தல். "என் தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் ஒருத்தன் கயித்தைத் தொடக்கூடாது! தொட்டா கை இருக்காது!"
அண்ணன்! எட்டு மணியிலிருந்து பனியில் வெளியே நின்றிருக்கிறான்.
பிறகு சாமியாரின் குரல். "உன்னை யாருப்பா தடுத்தா? மணி எங்கேயும் ஓடிப் போகாது. மூக்கு நீலமாயிடுச்சு பாரு, உள்ள போ. டேய், எல்லாரும் உள்ள போங்கடா, குளிருது!"
கதவு திறந்தது. அண்ணனும் அவனுக்குப் பின்னால் கத்தோலிக்கர் அத்தனை பேரும் திமுதிமுவென்று நுழைந்தார்கள். நிற்க இடமில்லை. போதகர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பாதியில் நிறுத்தி, "சரி, மோதிரத்தைப் போடுங்க" என்றார். எந்தப் பக்கம் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை.
அண்ணன் என் நெற்றியில் முத்தமிட்டான். "ஆனா வாசலை மிதிக்க மாட்டேன். சொன்னது சொன்னதுதான்" என்றான். போய்விட்டான்.

பிப்ரவரி 20
கோழிகள் மெலிந்துவிட்டன. அவர் இப்போது வாங்குவதில்லையே, வீட்டிலேயே சுடுகிறேன்.

ஏப்ரல் 14
எங்கள் ஈஸ்டர். அவருடையது போன ஞாயிறே முடிந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பண்டிகை, அடுப்புக்கு ஓய்வில்லை.
ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். அண்ணன். மழையில் நனைந்து, வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தான். நான் இன்னொரு தட்டு வைத்தேன்.
சூப்பு முடிவதற்குள் அண்ணனுக்கும் அவருக்கும், செத்தபிறகு பாவம் கழியும் இடமென்று கத்தோலிக்கர் நம்பும் உத்தரிப்பு ஸ்தலத்தைப் பற்றிச் சண்டை. அண்ணன் மேசையைத் தட்ட, அவரும் தட்ட, கிண்ணங்கள் குதித்தன.
நடுவில் அண்ணன், கறியைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளை, அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றான்.
அவரும் தள்ளினார். மறுபடி சண்டையைத் தொடர்ந்தார்கள்.
நான் அடுப்பங்கரைக்குப் போய் இரண்டாவது ரொட்டியை எடுத்துவந்தேன்.