பத்துக் கன்றும் ஒரு வாளித் தண்ணீரும்

புளத்கொகுபிட்டிய,
17.04.1983

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் ரோசலின் எழுதிக்கொள்வது. நானும் ஸ்டெல்லாவும் சுகம். ஒல்லாந்தில் குளிர் விட்டதா? நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறீர்களா, இல்லை பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா?

நம் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. காலையில் நான் மழைமானியைப் பார்க்கப் போனால் பின்னாலேயே ஓடி வருகிறாள். அதற்கு அவள் வைத்த பெயர் "அப்பா போத்தல்". மூன்று மாதமாக அதில் சொட்டுத் தண்ணீர் இருந்ததில்லை. உங்களுக்கு அனுப்பும் தாளில் பூச்சியம் பூச்சியமாக எழுதிக் கை சலித்துவிட்டது. நாம் தண்ணீர் பிடிக்கும் பீலியிலும் நூல் போலத்தான் தண்ணீர் வருகிறது.

உங்கள் போன கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மழையையும் வெயிலையும் வைத்துப் பார்த்து, நம் பத்துத் தேயிலைக் கன்றும் பெப்ரவரியிலேயே வளர்ச்சி நின்று கருகிவிடும் என்று உங்கள் ஆராய்ச்சிக் கொம்பியூட்டர் சொன்னதாம். நான் ஞாயிறுதோறும் அளந்து அனுப்பிய உயரமோ ஏறிக்கொண்டே போகிறதாம். பத்துக் கன்றிலேயே அதன் கணக்குத் தப்பினால், இனிவரும் காலத்தில் மழை குறைந்தால் தேயிலை என்னவாகும் என்று அது சொல்வதை யார் நம்புவார்கள் என்று உங்கள் பேராசிரியர் கேட்டாராம். பிழையைத் தேட இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கச் சொல்கிறாராம்.

அத்தான், கொம்பியூட்டரில் பிழை இல்லை. பிழை என்னிடம்.

கங்காணி இருளப்பன் அண்ணன்கூட ஒருநாள் வேலியோரம் நின்று, "என்னா டீச்சர், தோட்டத்துப் புதுமலைக் கன்னெல்லாம் கருகிக் கெடக்கு, ஒங்க வீட்டுக்காரர் நட்டது மட்டும் பச்சப்பசேல்னு நிக்குதுங்களே" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். குளிக்கக் கொண்டு வரும் தண்ணீரில் தினமும் ஒரு வாளியை அவற்றுக்கு ஊற்றினேன். தண்ணீர் ஊற்றாதே, மழையில் மட்டும் வளரட்டும், அளந்து மட்டும் எழுது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது மறக்கவில்லை. ஆனால் புறப்பட்ட அன்று காலையிலும் உங்கள் கையால் மண் அணைத்துவிட்டுப் போன கன்றுகள் அவை. செத்துப்போயின என்று நான் எப்படி எழுதுவேன்?

என்னைத் திட்டுங்கள். பேராசிரியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். என்றைக்கு ஊற்றத் தொடங்கினேன் என்று தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு நாளில் ஏழு கன்று கருகிவிட்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் கணக்குச் சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் மழை பெய்தது. இன்று பூசைக்குப் போகும் முன் அளந்தேன், பதினான்கு மில்லிமீற்றர். போத்தலில் தண்ணீரைக் கண்டதும் ஸ்டெல்லா வாசலுக்கு ஓடினாள். மழை வந்தால் அப்பா வருவார் என்று நான்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மாதா உங்களைக் கண்போல் காக்கட்டும். அந்த ஒரு வருடத்தை எங்களுக்குத் தந்துவிடுங்கள். இன்னும் மூன்று கன்று நிற்கிறது. அது நிற்கும்போதே வாருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
ரோசலின்