வாசல் தாண்டாத சிவராசா

5.9.77, திங்கள். துபாய்

காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழியலாம். வீட்டு ஏ.சி. மறுபடியும் சொட்டுகிறது. கீழே ஒரு பக்கெட். மகள் உமா அதில் பொம்மையைக் குளிப்பாட்டுகிறாள்.

எங்கள் கப்பல் ஏஜென்சியில் இன்றைய வேலை: சிமெண்ட் கப்பலுக்குக் குடிதண்ணீர். கேப்டனுக்கு ஒரு பெட்டி எலுமிச்சம்பழம் (ஏன் என்று கேட்கவில்லை). நோன்பு மாதம். எல்லா ஆபீசும் மதியத்தோடு சரி.

கப்பலில் ஏறியதும் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். எஞ்சின் ரூம் ஆயில்மேன். பெயர் சிவராசா (இனி சி.). யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். தண்ணீர் பார்ஜ் வரத் தாமதமானதற்கு நான் திட்டியது தமிழில் இருந்ததாம். அதைக் கேட்டுத்தான் மேலே வந்திருக்கிறார்.

"அண்ணை, நீங்கள்தானே ஏஜெண்டின்ர ஆள்? இந்தக் கப்பல் இனிக் கொழும்புக்குத்தான் போகுது. அங்க என்ர கான்ட்ராக்ட் முடியுது. இறக்கி விட்டிடுவினம். நான் அங்க இறங்கேலாது."

போன மாதம் அங்கே தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். அவருடைய தம்பி கொழும்பிலிருந்து ஊருக்குக் கிளம்பிய ரயிலை வழியில் மறித்திருக்கிறார்கள். தம்பி ஊர் போய்ச் சேரவில்லை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் மாமியார் வீட்டில் பத்திரம். இவர் அவர்களிடம் போகவும் அதே ரயில்தான்.

"இஞ்ச ஆரிட்டையாவது அடைக்கலம் கேக்கலாமோ?"

விசாரிக்கிறேன் என்றேன். நாள் முழுக்க எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். இவரிடம் சொல்லும்போது மட்டும் வெட்கமாக இருந்தது.

கப்பல் கிளம்புவது வியாழன்.

6.9, செவ்வாய்

துறைமுக இமிக்ரேஷன் அதிகாரியைப் பார்த்தேன். நல்ல மனிதர். நோன்பால் உதடு உலர்ந்து, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் போனால் கொன்றுவிடுவார்கள் என்று ஒருவன் சொன்னால் உங்கள் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"கஃபீல் கோன்?"

அவ்வளவுதான். கஃபீல், அதாவது பொறுப்பேற்க உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் வெளியே.

வருகிற வழியெல்லாம் மனதுக்குள் வகை பிரித்துக்கொண்டே வந்தேன். விசாக்காரன். டிரான்சிட். நோயாளி மாலுமி: ஏஜெண்ட் கையெழுத்துப் போட்டால் கரைக்கு வரப் பாஸ் உண்டு. ஓடிப்போன மாலுமி: பிடித்து அடைத்து, பிறகு விமானத்தில் சொந்த ஊருக்கு. பயந்து வந்தவன்? அவனை இதில் எதிலும் போட முடியவில்லை.

எழுந்து வரும்போது அதிகாரி கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "உன் ஆளிடம் சொல். கொன்றுவிடுவார்கள் என்ற பேச்சே வேண்டாம். அதைச் சொன்னால் நான் அவன் நாட்டு எம்பசிக்கு எழுத வேண்டிவரும். வேலை வேண்டும் என்று சொல்லட்டும். அது எங்களுக்குப் புரியும்."

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"நம்ம விசாவே அர்பாப் கையில இருக்கு. நீங்க யாரைக் காப்பாத்தக் கிளம்பிட்டீங்க? நாளைக்கு நம்மளை ஏத்தி அனுப்பினா உமா படிப்பு என்னங்க ஆகும்?"

அர்பாப் என் முதலாளி, கஃபீலும் அவர்தான். நியாயமான கேள்வி. ஆகவே சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

7.9, புதன்

பாஸ் வாங்க ஒரு நோய் வேண்டும். வயிற்றுவலி என்றால் கப்பலிலேயே மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பல்வலி என்றால் கரை. மார்க்கெட் சுற்ற ஆசைப்படும் மாலுமிக்கெல்லாம் நாங்கள் கொடுக்கிற வியாதி இதுதான். ஆஸ்பத்திரியில் நமக்குப் பழக்கமான டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதுவார்.

அவர் லீவில் போயிருப்பதை நான் விசாரிக்கவில்லை. என் முட்டாள்தனம். புது டாக்டர், எகிப்துக்காரர், மகா சுறுசுறுப்பு. பாஸில் நான் எழுதியிருந்த 'கடைவாய்ப் பல்'லைப் படித்தார். பிடுங்கிவிட்டார். ஆடாத பல், சொத்தை இல்லாத பல். சி. தடுக்கவே இல்லை. தடுத்தால் பாஸ் பொய்யாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

வெளியே வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பறவாயில்லை அண்ணை. ஒரு பல்லுத்தானே."

நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலை அல் குசைஸ். அர்பாபின் தகப்பனார் வீடு. நோன்பு திறந்தபிறகு அவர் மஜ்லிஸில், அந்த வரவேற்புக் கூடத்தில், யாரும் போய் உட்காரலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம். அந்தக் காலத்தில் பம்பாயில் முத்து விற்றவர். ஹிந்தி என்னைவிடச் சுத்தம். அவர் சொல்லை மகன் தட்டமாட்டார்.

காரில் சி.க்குப் பாடம் நடத்தினேன். நீங்கள் சமையல்காரர். வேலை வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

"எனக்குச் சமைக்கத் தெரியாது அண்ணை. சுடுதண்ணி வைப்பன்."

"யார் சமைக்கச் சொல்லப் போறா? சும்மா சொல்லுங்க."

அர்பாபும் அங்கே இருந்தார். காபி வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. வீங்கிய கன்னத்தோடு அவரால் தின்ன முடியவில்லை. என்ன வேண்டும் என்று பெரியவர் கேட்டார்: "க்யா சாஹியே, பாய்?"

சி. கோப்பையைக் கீழே வைத்தார். "முஜே பசாவோ," என்றார். என்னைக் காப்பாற்றுங்கள்.

அப்புறம் நிறுத்தவில்லை. ரயில், தம்பி, கொழும்பு, எல்லாம் உடைந்த ஹிந்தியில். உதட்டோரம் ரத்தம் வேறு. சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. அர்பாப் முகம் சுருங்கிவிட்டது.

பெரியவர் மகனிடம் அரபியில் ஒன்றே ஒன்று கேட்டார். என் வாசலுக்குள் வந்துதானே கேட்டான்? ஆமாம். "கலாஸ்." முடிந்தது. இவன் இங்கேதான்.

வழியனுப்பும்போது அர்பாப் எரிச்சலோடு சொன்னார். அவர்கள் பாலைவனத்து வழக்கமாம் இது. வீட்டுக்குள் வந்து காப்பாற்று என்று கேட்டவனை வெளியே பிடித்துக் கொடுத்தால் குடும்பத்துக்கே இழுக்கு. "வேலை என்று கேட்டிருந்தால் இல்லை என்று அனுப்பியிருப்பேன். சமையல்காரர்கள் எனக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள்."

8.9, வியாழன்

கப்பல் போய்விட்டது. சி. இல்லாமல்.

மதியம் இமிக்ரேஷன் அதிகாரியே ஆபீஸ் வந்துவிட்டார். பாஸில் என் கையெழுத்து. ஆள் எங்கே? சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த வீட்டுக்குள் நான் போகமாட்டேன். என் அப்பாவே என்னை அடிப்பார். ஆனால் அவன் ரோட்டில் கால் வைத்தால் பிடிப்பேன். அது என் டியூட்டி. பெருநாள் லீவு முடிவதற்குள் ஏதாவது செய். அப்புறம் உன்னையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

வசந்தாவிடம் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை.

ஏ.சி. நின்றே விட்டது.

11.9, ஞாயிறு

மாலை அல் குசைஸ் போனேன். சி. முற்றத்துத் தண்ணீர் பம்பைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

கேட் திறந்திருந்தது. ஒரு ஆடு ரோட்டுக்கு ஓடிவிட்டது. துரத்திப் போனவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வா, வா, இஞ்ச வா," என்று கெஞ்சுகிறார். அரபி ஆட்டுக்குத் தமிழ் புரியுமா? நான்தான் ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன்.

"ஆடு போகுது. எனக்குத்தான் தடை," என்று சிரித்தார். பல் போன இடம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அர்பாப் விசா தரச் சம்மதம். தகப்பனார் வீட்டுக்குச் சமையல்காரர் என்று. ஆனால் விசா நாட்டுக்கு வெளியே இருப்பவனுக்குத்தான். உள்ளே இருப்பவன் வெளியே போய்த் திரும்பி வரவேண்டும். வெளியே என்றால் எங்கே? இவரை எந்த நாடு இறங்க விடும்?

அர்பாப் கையை விரித்தார். "நீதானே கப்பல்காரன்."

13.9, செவ்வாய்

யோசனை கிடைத்தது. நிம்மதி இல்லை.

புஜைரா கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல் ஒன்று நம் ஏஜென்சியுடையது. கிரேக்கக் கேப்டன், பழக்கமானவர். கரையிலிருந்து லாஞ்சில் சி.யை ஏற்றிப் போய்க் கப்பல் ஆளாகப் பதிவு, புஜைரா இமிக்ரேஷனில் 'வெளியேறினார்' என்று முத்திரை. பிறகு அதே லாஞ்சில் விசாவோடு திரும்பி வருகை. துறைமுக அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். "சட்டப்படி சரி," என்றார், ஆச்சரியத்தோடு.

இடையில் கேப்டனுக்குக் கிளம்பச் சொல்லித் தந்தி வந்தால்? நங்கூரத்தைத் தூக்கிவிடுவார். அடுத்த துறைமுகம் கொழும்பு. வேறு கப்பல் கிடையாது. பார்த்துவிட்டேன்.

சி. எங்கே போகிற கப்பல் என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் பம்பையே துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் கரையிலை நிப்பியள்தானே?" என்றார்.

நிற்பேன் என்றேன்.

பிறை தெரிந்ததா இல்லையா என்று ஆபீஸில் எல்லோரும் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

19.9, திங்கள். புஜைரா போய் வந்தது

லீவு முடிந்து முதல் நாள். அர்பாப் தந்த விசா கையில். அல் குசைஸ் போனால் தெருமுனையில் அதிகாரியின் ஜீப். சி. கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டார்.

பெரியவர் கைத்தடியோடு வந்தார். இடது கையால் சி.யின் மணிக்கட்டைப் பிடித்தார். நடந்தார். வாசலைத் தாண்டி, ரோட்டில் கால் வைத்து, காருக்கு. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். பெரியவர் நெற்றியில் முத்தமிட்டார், பெருநாள் வாழ்த்துச் சொன்னார். சி. இருந்த பக்கம் அவர் கண் போகவே இல்லை.

மசாஃபி மலை வளைவுகள் முழுக்க அந்தப் பிடி விடவில்லை. புஜைரா கரையில் லாஞ்ச் பக்கத்தில்தான் விட்டார்.

லாஞ்ச் போயிற்று. அலை அதிகம். கப்பல் தூரத்தில் பொட்டு மாதிரி. பெரியவர் மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றார். நான் உட்காரவில்லை. அங்கும் இங்கும் நடந்தேன். செருப்பு அறுந்தது.

லாஞ்ச் திரும்பி வந்தது. காலி. லாஞ்ச்காரன் மட்டும்.

"கேப்டன் சோதா ஹை. தூங்குறார். கையெழுத்துக்கு எழுப்ப மாட்டேங்கிறாங்க," என்றான், ஏதோ சாதாரண விஷயம் போல. அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுபடி அனுப்பினேன். கப்பல் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது.

இரண்டாம் தடவை, தூரத்திலேயே தெரிந்தது. லாஞ்சில் ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டே வருகிறார்.

இமிக்ரேஷன் ஒரு சின்ன அறை. இளம் அதிகாரி. எதற்கு வந்தாய் என்று கேட்டார். பெரியவர் வீட்டில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"பாவர்ச்சி. காம் கே லியே ஆயா," என்றார் சி. சமையல்காரன், வேலைக்கு வந்தேன். தடுமாற்றமே இல்லை.

"என்ன சமைப்பாய்?"

"பிரியாணி."

முத்திரை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

திரும்பும்போது பெரியவருக்கு நல்ல சந்தோஷம். தங்கை மக்கள் சாப்பிட வருகிறார்களாம். சமையல்காரன் கையால் சோறு ஆகட்டும் என்றார். சி. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, சோத்துக்கு உப்பு எப்ப போடுறது?"

எனக்கு எங்கே தெரியும்? பெரியவரை இறக்கிவிட்டு, பாத்திரம் எடுத்து வருகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போனோம். ரோட்டைத் தாண்டும்போது சி. இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டிக்காக இல்லை. அப்புறம் தானாகவே நடந்தார்.

வசந்தா கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். இவர் சமையல்காரர், சோறு ஆக்கத் தெரியாது என்றேன். உள்ளே போய் அரிசியைப் பாத்திரத்தில் போட்டு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல கழுவுங்கண்ணே," என்றாள்.